கைவிட்ட இயங்குதளமும் அணைக்கரைக் கற்களும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மதியச் சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். கணினித் துறையில் இருப்பவர்கள் தவறு கண்டால் தயங்காமல் சொல்லலாம். கணினி தெரியாத சித்தப்பா, அத்தை எல்லோருக்கும் புரியும்படிதான் எழுத முயன்றிருக்கிறேன்.

வரலாறு என்றால் நமக்கு உடனே ராஜேந்திர சோழன் நினைவுக்கு வருவான். பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தை வைத்துக்கொண்டு வேறு எதை நினைப்பது? ஆனால் கணினிக்கும் வரலாறு உண்டு. அதிலும் தலைநகரங்கள் எழுந்திருக்கின்றன, கைவிடப்பட்டிருக்கின்றன. கைவிடப்பட்ட பிறகும் சில பேர் போய் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நீங்கள் இந்த வரியைத் தமிழில் படிப்பதற்கும் அந்தக் கதைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

முதலில் ஒரு சிறு விளக்கம். கணினியோ கைப்பேசியோ, அதன் உள்ளே எல்லா வேலையையும் மேற்பார்வை பார்க்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். விண்டோஸ், ஆண்ட்ராய்டு, லினக்ஸ் எல்லாம் அந்த வகை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் மாதிரி. பாடம் நடத்துவது அவர் இல்லை. ஆனால் எந்த வகுப்பு எந்த அறையில், யாருக்கு எப்போது மணி அடிப்பது என்பதெல்லாம் அவர் கையில். இயங்குதளத்தை எழுதிய வரிகளுக்கு மூல நிரல் என்று பெயர். அந்த வரிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று உரிமம் கொடுத்துவிட்டால் அது திறந்த மூல மென்பொருள்.

சரி, கதைக்கு வருவோம்.

அமெரிக்காவில் பெல் ஆய்வகம் என்று ஒன்று. 1947-ல் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த இடம். அங்கே 1969-ல் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். இன்று உலகத்தில் ஓடும் பெரும்பாலான கணினிகளுக்கு அதுதான் தாத்தா முறை. சாதாரண ஆட்களாக இருந்தால் அந்தப் பெருமையோடு ஓய்வெடுத்திருப்பார்கள். ஆனால் அதே கூட்டம், ராப் பைக் போன்ற இளையவர்களையும் சேர்த்துக்கொண்டு, 1980-களின் பிற்பகுதியில் 'யூனிக்ஸில் விட்ட குறைகளையெல்லாம் சரிசெய்து மறுபடி முதலிலிருந்து கட்டினால் என்ன?' என்று கிளம்பியது. அப்படிப் பிறந்த சோதனை இயங்குதளத்தின் பெயர் பிளான் 9. மிக மட்டமான சினிமா என்று பெயரெடுத்த ஒரு அமெரிக்கப் படத்தின் தலைப்பிலிருந்து வேடிக்கையாக வைத்த பெயர் அது.

அதில் என்ன புதுமை? ஒவ்வொரு கணினியும் தனித்தனித் தீவு என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. பிளான் 9 எல்லாவற்றையும் ஒரு கூட்டுக் குடும்பமாகப் பார்த்தது. கணக்குப் போடும் இயந்திரம் ஓர் அறையில், கோப்புகளைக் காக்கும் இயந்திரம் இன்னோர் அறையில், மேசைமேல் திரையும் விசைப்பலகையும் மட்டும். நீங்கள் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் உங்கள் பொருள்கள் உங்கள் முன்னால் வந்துவிடும். திரை, விசைப்பலகை, வலையமைப்பு என்று எல்லாமே அதற்கு ஒரு கோப்பு மாதிரிதான். இன்று 'கிளவுடு' என்று சொல்கிறோமே, அந்த எண்ணத்தின் சாயல் அதில் அப்போதே இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. அதன் கோப்புக் கிடங்கு தினமும் ஒருமுறை, அன்றைய நிலையை அழிக்க முடியாத தட்டில் பதிந்து வைத்துவிடும். நம் பள்ளி வருகைப் பதிவேடு மாதிரி. மூன்று வருடத்துக்கு முன்னால் இன்ன தேதியில் அந்தக் கோப்பு எப்படி இருந்தது என்று கேட்டால் எடுத்துக் காட்டும்.

இந்தப் பிளான் 9-க்காகத்தான் 1992 செப்டம்பரில் அந்த முக்கியமான காரியம் நடந்தது.

அதற்கு முன் ஒரு பிரச்சினையைச் சொல்ல வேண்டும். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலத்தின் சின்ன 'ஏ' எழுத்துக்கு 97 என்று எண். இப்படி ஆங்கிலத்துக்கு 128 எண்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தமிழ், சீனம், அரபு என்று மற்ற மொழிகளுக்கு? உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக யூனிகோடு என்ற பட்டியல் 1991-ல் வந்தது. தமிழுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு இடம் பிடிக்கும் எண்ணாக எழுதினால், அதுவரை இருந்த ஆங்கிலக் கோப்புகளும் மென்பொருள்களும் குழம்பிப்போகும். பட்டியல் தயாராக இருந்தும் அதை வைத்து எழுத நல்ல வழி இல்லை.

ஒரு தரக்குழு அதற்கு ஒரு வழியைத் தயார் செய்துகொண்டிருந்தது. அதில் குறை இருந்தது. நியூ ஜெர்சியில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளிலேயே கென் தாம்சன் புதிய வழியை எழுதினார். கூட இருந்தவர் ராப் பைக். அதுதான் யூ.டி.எஃப்-8. அடுத்த சில நாட்களுக்குள் பிளான் 9 முழுவதையும் அதற்கு மாற்றி ஓட்டியே காட்டிவிட்டார்கள்.

அதன் சூட்சுமத்தை ரயில் வண்டியை வைத்துச் சொல்கிறேன். ஒவ்வோர் எழுத்தும் ஒரு குட்டி ரயில். எஞ்சினைப் பார்த்தாலே பின்னால் எத்தனைப் பெட்டி என்று தெரிந்துவிடும். ஆங்கில எழுத்துக்குப் பெட்டியே கிடையாது, எஞ்சின் மட்டும். அதனால் பழைய ஆங்கிலக் கோப்புகளுக்கு எந்தச் சேதமும் இல்லை. நம் 'அ'வுக்கு 224, 174, 133 என்று மூன்று எண்கள். 224 எஞ்சின், மற்ற இரண்டும் பெட்டிகள். நடுவில் எங்கே நின்று பார்த்தாலும் எது எஞ்சின், எது பெட்டி என்று பிரித்துச் சொல்லிவிடலாம். வழியில் ஓர் எழுத்து சிதைந்தாலும் அடுத்த எழுத்து பிழைத்துக்கொள்ளும்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் பழைய நாட்களை நினைத்துப் பாருங்கள். பாமினியில் அடித்த கடிதத்தை வானவில்லில் திறந்தால் என்ன ஆகும்? கட்டம் கட்டமாக, புள்ளி புள்ளியாக, ஏதோ மந்திரம் மாதிரி வரும். ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தமிழுக்குத் தனித்தனி எண் வைத்திருந்த காலம். வினாத்தாளை மின்னஞ்சலில் அனுப்பினால் எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். 2010-ல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று அறிவித்தது. இன்று அமெரிக்காவில் இருக்கும் பேரன் அனுப்பும் தமிழ்ச் செய்தி தா.பழூரில் இருக்கும் பாட்டியின் கைப்பேசியில் எழுத்து பிசகாமல் தெரிகிறது. அந்தச் செய்தி ஏறி வரும் ரயில், பிளான் 9-ல் முதல் வெள்ளோட்டம் பார்த்தது.

இவ்வளவு நல்ல பிளான் 9 ஏன் பிழைக்கவில்லை?

1992-ல் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். 1995-ல் 350 டாலர் விலை வைத்து விற்றார்கள். அதற்குள் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-ல் தொடங்கிய லினக்ஸ், காசில்லாமல், திறந்த நிரலோடு உலகமெங்கும் பரவத் தொடங்கிவிட்டது. வாசல் திறந்திருக்கும் வீட்டை விட்டுவிட்டு, சீட்டு வாங்கி நுழைய வேண்டிய வீட்டுக்கு யார் போவார்? 2000-ல் பிளான் 9-ன் நிரலையும் திறந்துவிட்டார்கள். அப்போதும் உரிமத்தில் இருந்த சில நிபந்தனைகள் சரியில்லை என்று கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் கண்டித்தார். அவை பிறகு திருத்தப்பட்டன. ஆனால் காலம் கடந்துவிட்டது. பெல் ஆய்வகமும் கை மாறிக்கொண்டே இருந்தது. ஏ.டி.அண்ட்.டி.யிடமிருந்து லூசென்ட், பிறகு அல்காடெல்-லூசென்ட், பிறகு நோக்கியா. எழுதியவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் போய்விட்டார்கள். தலைநகரம் காலியாகிவிட்டது.

இங்கே நம் ஊர்க் கதைக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

1025 வாக்கில் எழுந்த கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகரம். பிறகு அரசு போயிற்று, அரண்மனை மண்ணாயிற்று, கோயில் மட்டும் நின்றது. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, அந்தக் கோயிலின் கல் மதிலைப் பெயர்த்து அணைக்கு எடுத்துப் போனார்கள். ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தார்கள். கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னார்களாம். அந்த வாக்குறுதி நிறைவேறவில்லை என்று அந்த நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அணைக்கரைப் பாலத்தில் போகும்போது கீழே நிற்பது வெறும் அணை என்று நினைக்காதீர்கள். அதில் சோழன் மதிலும் கலந்திருக்கிறது. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வீராணத்துக்குப் போகிறது. வீராணத்திலிருந்து சென்னைக்குப் போகிறது. சென்னையில் குடியிருக்கும் என் மாணவர்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் கற்களைத் தொட்டுவிட்டு வருகிறது.

பிளான் 9-க்கும் இதுவேதான் நடந்தது. யூ.டி.எஃப்-8 என்ற கல்லை உலகமே எடுத்துக்கொண்டது. 9பி என்று அதில் ஒரு கோப்புப் பரிமாற்ற முறை உண்டு. இன்று விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதியில் இரண்டுக்கும் நடுவே கோப்புகளைக் கைமாற்றித் தருவது அதுதான். ஒவ்வொரு நிரலுக்கும் தனக்கென ஒரு பார்வை வெளியைக் கொடுக்கும் அதன் எண்ணம் லினக்ஸுக்குப் போனது. இன்று உங்களில் பலர் 'கன்டெய்னர்' என்று பேசுகிறீர்களே, அதன் அடியில் அது இருக்கிறது. ராப் பைக்கும் கென் தாம்சனும் பிறகு கூகுளில் ராபர்ட் கிரீஸ்மருடன் சேர்ந்து 2009-ல் வெளியிட்ட 'கோ' மொழியின் கருவிகள் பிளான் 9 கருவிகளின் வழிவந்தவை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கல்லை எடுத்தால் மதில் போய்விடும். நிரலை எடுத்தால் எடுத்த இடத்திலும் இருக்கும், வைத்த இடத்திலும் இருக்கும். கோயில் மதிலைத் திரும்பக் கட்ட நம்மால் முடியவில்லை. பிளான் 9-ன் கோட்டையை, ஆள் இருந்தால், முழுசாகவே ஓட்டலாம். ஆள் இருந்தால் என்பதுதான் கேள்வி.

ஆள் கிடைத்தார்கள். 2011-ல் சில ஆர்வலர்கள் அந்த நிரலை எடுத்துக்கொண்டு நைன்ஃப்ரண்ட் என்ற பெயரில் பராமரிக்கத் தொடங்கினார்கள். எந்த நிறுவனமும் சம்பளம் கொடுத்து உட்கார வைத்த கூட்டம் இல்லை அது. புதிய மடிக்கணினிகளில் ஓடச் செய்தார்கள். வைஃபை சேர்த்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை கணினியிலும் ஓடுகிறது. 2021 மார்ச்சில் நோக்கியாவும் முன்வந்து, பிளான் 9-ன் உரிமையை அதற்கென அமைந்த அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. பழைய பதிப்புகள் அனைத்தும் எந்தச் சிக்கலும் இல்லாத எளிய உரிமத்தில் மறுபடி வெளிவந்தன. தட்டடித் தாளில் எழுத்து முறை பிறந்து 29 வருடம் ஆகப்போகிற நேரத்தில் கோயில் சாவி ஊரார் கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிரல் திறந்திருக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கதை போதும். ஆப்பிளிலிருந்து விலகிய ஜான்-லூயி கசே 1990-ல் பீ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் செய்த பீ-ஓ.எஸ். இயங்குதளம் படம், பாட்டு, காணொளி எல்லாவற்றையும் அந்தக் காலத்து இயந்திரத்திலேயே தடங்கலின்றி ஓட்டியது. 1996-ல் ஆப்பிளே அதை வாங்கப் பேசி, கடைசியில் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கியது. 2001-ல் பீ நிறுவனத்தைப் பாம் நிறுவனம் 1.1 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. இயங்குதளம் நின்றது.

அதை நேசித்தவர்கள் அந்த ஆண்டே கூடி, மறுபடி எழுதுவோம் என்று இறங்கினார்கள். ஆனால் அதன் உள்நிரல் பூட்டிய பெட்டிக்குள். கோயிலின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு கோயில் கட்டுவதைப் போல, வெளியில் தெரிவதைப் பார்த்து உள்ளே உள்ளதைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. 2004-ல் ஹைக்கூ என்று பெயர் வைத்தார்கள். முதல் சோதனைப் பதிப்பு 2009-ல். அதற்கு அடுத்த கட்டமான முதல் பீட்டா பதிப்பு 2018-ல். எண்ணிப் பாருங்கள், 17 வருடம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பொறியியல் முடித்து வேலைக்கே போய்விடும். ஐந்தாவது பீட்டா 2024-ல் வந்தது. நன்கொடையில் நடக்கும் அவர்களுடைய சிறு அமைப்பு 2021-ல்தான் ஒருவரை முழுநேரமாக வைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தது. நிரல் திறந்திருந்த பிளான் 9-ஐ எடுத்த இடத்திலிருந்து தொடர முடிந்தது. பூட்டிய பீ-ஓ.எஸ்.ஸைத் தொடர ஒரு தலைமுறை செலவானது.

இவர்கள் தினமும் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். நம் முன்னோர் ஏரிக்குச் செய்த குடிமராமத்துதான். ஏரி வெட்டிய மன்னனுக்குக் கல்வெட்டு உண்டு. வருடா வருடம் தூர் எடுத்தவனுக்கும், மழை இரவில் மண்வெட்டியோடு கரையில் நின்றவனுக்கும் கல்வெட்டு இல்லை. அவன் இல்லையென்றால் பத்து வருடத்தில் ஏரி மேடாகியிருக்கும். இயங்குதளமும் அப்படித்தான். அதைத் தொடாமல் வைத்தாலே கெட்டுப்போகும். நிரல் துருப்பிடிக்காது, சுற்றியுள்ள உலகம் மாறிவிடும். புது அச்சுப்பொறி வரும், புது திரை வரும், பாதுகாப்பில் புது ஓட்டை தெரியவரும். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். கையேடு எழுத வேண்டும். புதிதாக வருபவர் நூறாவது முறையாக அதே சந்தேகத்தைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதன் கஷ்டம் ஆசிரியர்களுக்குத் தெரியும்!

'சார், நன்றாக ஓடும் லினக்ஸ் இருக்கும்போது இந்தப் பழசை ஏன் கட்டி அழ வேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நானும் உங்கள் வங்கிக் கணக்கை இதில் பாருங்கள் என்று சொல்லவில்லை. சிறு கூட்டம் பராமரிக்கும் இயங்குதளத்தில் எல்லா வசதியும் இருக்காது. ஆனால் லினக்ஸின் கருவே இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஒரு மாணவன் அதை முழுதாகப் படித்து முடிக்க முடியாது. பிளான் 9 சிறியது. ஓர் இயங்குதளம் தலை முதல் கால் வரை எப்படி வேலை செய்கிறது என்று ஒரே ஆள் படித்துப் புரிந்துகொள்ள முடிகிற அளவு. பெரிய எஞ்சினைப் பிரிக்க அனுமதி கிடைக்காத பையனுக்கு, பழைய டீசல் எஞ்சின் ஒன்று கிடைத்தால் அவன் மெக்கானிக் ஆகிவிடுவான் இல்லையா? அது மாதிரி. அடுத்த யூ.டி.எஃப்-8 எந்த மூலையில் இருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்?

நம் பக்கத்துக்கு வருகிறேன். சி-டாக் நிறுவனம் 2007-ல் பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளத்தை வெளியிட்டது. தமிழ் உட்பட நம் மொழிகளில் வேலை செய்யும். அது நின்றிருப்பது டெபியன் என்ற, 1993 முதல் தன்னார்வலர்கள் பராமரிக்கும் தளத்தின் மேல். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸும் இருந்தது. எத்தனை பேர் அதை ஒருமுறையாவது திறந்தீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகள் லினக்ஸிலேயே பாடம் நடத்துகின்றன. அங்கே முதலில் ஆசிரியர்களைத் தயார் செய்தார்கள். கணினி பெட்டியில் வந்துவிடும். அதைச் சொல்லிக்கொடுக்கும் மனிதரை உருவாக்கத்தான் வருடங்கள் ஆகும்.

அந்த மனிதர்கள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லித்தருகிறது. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. அவர்கள் செய்வதும் குடிமராமத்துதான்.

ஆகவே, மென்பொருள் துறையில் இருக்கும் என் மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் நல்ல நிலையில் இருக்கிறீர்கள், சந்தோஷம். நீங்கள் சம்பளம் வாங்கும் வேலையின் அடியில், முகம் தெரியாத யாரோ சம்பளம் வாங்காமல் எழுதிய வரிகள் இருக்கின்றன. வாரத்தில் ஒரு மணி நேரம் அந்தக் கரைக்கு ஒரு கூடை மண் போடுங்கள். நிரல் எழுத முடியாவிட்டால் ஒரு கையேட்டைத் தமிழாக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் ஊருக்கு வரும்போது பரணில் கிடக்கும் அந்த அரசு மடிக்கணினியை இறக்கித் துடைத்து, லேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றி, தெருவில் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுத்து, பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். கொடுத்துவிட்டு மட்டும் போய்விடாதீர்கள்.

பரணில் அப்படி ஒரு கணினி இருப்பவர்கள் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள். எந்த ஆண்டு வாங்கியது என்பதையும் எழுதுங்கள். ஏற்றித் தரத் தெரிந்தவர்களும் பெயர் கொடுங்கள். பொங்கல் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்கு வருவீர்கள் அல்லவா, அப்போது ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

நலம் சூழ்க!